ஓசிஐ கார்டோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு

முப்பத்தொரு வருஷம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு, 2014-இல் நானும் என் கணவரும் கோயம்புத்தூருக்குத் திரும்பினோம். ஐந்தாவது வருஷம் அவர் தவறிப்போனார். அதன் பிறகுதான் எங்கள் திட்டத்தில் எது உறுதி, எது ஓட்டை என்று எனக்குத் தெரிந்தது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தம்பிகளும் தங்கைகளும் இப்போது என்னிடம் வந்து, “அக்கா, எவ்வளவு பணம் இருந்தால் திரும்பலாம்?” என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் இருவரில் ஒருவர் போன பிறகு மற்றவரால் இதையெல்லாம் நடத்த முடியுமா? கீழே சொல்வது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

1. நீங்கள் பிறந்தது பேரூராகவே இருக்கட்டும். சட்டத்தின் கண்ணில் இங்கே நீங்கள் வெளிநாட்டவர். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். 2006-இல் நடைமுறைக்கு வந்த ஓசிஐ கார்டு ஆயுள் முழுக்க இங்கே வந்து தங்க வழிசெய்கிறது. எத்தனை வருஷம் தங்கினாலும் போலீஸ் பதிவு தேவையில்லை. ஆனால் ஓட்டுரிமை கிடையாது. வீடு வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பா வழியில் வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம்.

என் கணவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கிவிட வேண்டும் என்று முப்பது வருஷக் கனவு. “தம்பி பேர்ல வாங்கிப் போட்டுக்கலாம்” என்றார். நான் ஒரே பிடியாக வேண்டாம் என்றேன். அடுத்தவர் பெயரில் வாங்குவது பினாமி. அரசு பறிமுதல் செய்யலாம். அதைவிட, அவர் போன பிறகு நான் எந்த முகத்தோடு என் கொழுந்தனாரிடம் போய் என் தோப்பு என்று கேட்டிருப்பேன்?

2. முதல் வருஷம் வாடகைக்கு இருங்கள். லீவுக்கு வந்த மூன்று வாரத்தில் பார்த்த ஊர் வேறு, மே மாதத்திலும் கரண்ட் போன இரவிலும் பார்க்கிற ஊர் வேறு. கார் ஓட்டாமல் மருந்துக்கடைக்குப் போக முடிகிறதா, லிஃப்ட் நின்றால் என்ன கதி என்று பாருங்கள்.

வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் முதியோருக்கான குடியிருப்புகள் வந்துவிட்டன. போய்ப் பார்க்கிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், நீச்சல்குளத்தைப் பார்க்கிறார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி மூன்று விஷயம் தேடுங்கள். படுத்த படுக்கையானாலும் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? இருவரில் ஒருவர் போனால் மாதக் கட்டணம் குறையுமா? காலி செய்தால் டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும்? நாங்கள் முதலில் போன இடத்தில் இரவு நர்ஸ் உண்டு என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அவருக்கு மூச்சு வாங்கிய இரவில் வந்தது வாட்ச்மேன்தான். எழுத்தில் இல்லாததை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. மெடிகேர் இந்தியாவில் செல்லாது. இங்கே தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நாங்கள் வந்த காலத்தில் 65 தாண்டியவருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வயது வரம்பை நீக்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று வருஷம் என்றானது. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் அந்த மூன்று வருஷத்தைக் கணக்கு வைத்து, திரும்புவதற்கு முன்பே பாலிசிக்கு வழி பாருங்கள். எதையும் மறைத்து எழுதாதீர்கள்.

மெடிகேர் பார்ட் பி-யை நிறுத்திவிட்டு வந்து பிறகு மறுபடி சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும். நாங்கள் நிறுத்தவில்லை. அவருக்கு அது பயன்படவில்லை. இருந்தும் நான் இன்றும் கட்டுகிறேன். பிள்ளைகளிடம் போய் இருக்க வேண்டி வந்தால் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

4. சோஷியல் செக்யூரிட்டி பற்றி ஆண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இருவருக்கும் வருகிற தொகையில், ஒருவர் போனால் பெரியது மட்டும் மிஞ்சும், சின்னது நின்றுவிடும். அதிகம் சம்பாதித்தவர் 62-இல் வாங்கத் தொடங்கினால் குறைந்த தொகை. முழு ஓய்வு வயதைத் தாண்டி 70 வரை பொறுத்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 8 சதவீதம் கூடுகிறது. என் கணவர் வேலையை விட்ட கையோடு 62-இல் வாங்கத் தொடங்கினார். “கைக்கு வர்ற காசை ஏன் விடணும்?” என்றார். அந்தக் குறைவைச் சுமப்பது இப்போது நான். உடம்பில் பெரிய நோய் இல்லாத வரை பொறுத்திருங்கள், தம்பி. அது உங்கள் மனைவிக்கு நீங்கள் விட்டுப்போகிற சொத்து. துணைவர் கிரீன் கார்டோடு நின்றவர் என்றால் விதிகள் வேறு. அதை விமானம் ஏறும் முன் அந்த அலுவலகத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

5. வரிக்கு இரண்டு நாட்டிலும் ஆடிட்டர் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் அங்கே வரிக்கணக்கு கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கை தர வேண்டும். அம்மாவோடு சேர்ந்து வைத்த கூட்டுக் கணக்கும் அதில் சேரும். இந்தியாவில், நீண்ட காலம் வெளியே இருந்து திரும்பியவருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று வருஷம் ஒரு சலுகை உண்டு: வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. சேர்த்து வைத்ததை ஒழுங்குபடுத்த அதுதான் காலம். சோஷியல் செக்யூரிட்டிக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்கா மட்டுமே வரி போடும். இங்கே வந்ததும் எல்லாரும் மியூச்சுவல் ஃபண்டு போடச் சொல்வார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கு அதில் கடுமையான வரியும் தனிப் படிவமும் இருக்கின்றன. போடாதீர்கள்.

6. என்ஆர்இ கணக்கைத் திரும்பியதும் மாற்ற வேண்டும். டாலராகவே வைக்க ஆர்எஃப்சி கணக்கு இருக்கிறது.

7. உயில் இரண்டு எழுதுங்கள், அங்குள்ள சொத்துக்கு ஒன்று, இங்குள்ளதற்கு ஒன்று. பின்னது முன்னதை ரத்து செய்கிற மாதிரி எழுதிவிடாமல் இரண்டு வக்கீலும் பார்க்கட்டும். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஒரே பையில் இருக்கட்டும். அமெரிக்கக் குடிமகன் இங்கே இறந்தால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் இறப்பு அறிக்கை தரும். அங்குள்ள கணக்குகளை முடிக்க எனக்கு உதவியது அந்தத் தாள்தான். மாநகராட்சிச் சான்றோடு நிறுத்தியவர்கள் மறுபடி அலைகிறார்கள்.

8. அமெரிக்க செல்போன் எண்ணை விட்டுவிடாதீர்கள். அங்குள்ள வங்கி ஓடிபி அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். எங்கள் வீட்டில் இரண்டு நாட்டு எண்ணும் அவர் பெயரில், அவர் போனில். பாஸ்வேர்டெல்லாம் அவர் தலைக்குள். கேஸ் இணைப்பு, கரண்ட் கணக்கு, இன்டர்நெட் எல்லாமே அவர் பெயர்தான். காரியம் முடிந்த பதினாறாம் நாள் நான் வங்கி வாசலில் நின்றேன். முப்பத்தொரு வருஷம் நானும் சம்பளம் வாங்கியவள். என் கணக்கைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை. சரியாக ஏழு மாதம் ஆயிற்று.

அதனால் தம்பி, தங்கை, வீடு தேடுவதற்கு முன், டிக்கெட் போடுவதற்கு முன், இன்றிரவே ஒன்று செய்யுங்கள். கணக்கு வழக்கு பார்க்காதவர் கையில் லேப்டாப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு கணக்காக அவரே திறக்கட்டும், ஒரு பில்லை அவரே கட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள்.