அப்பா கட்டிய வீடும் நீ தேடும் வீடும்

அன்புள்ள பாப்பா,

போனில் மூச்சுவிடாமல் மூன்று கேள்வி கேட்டாய். பாரிவாக்கத்து வீட்டை விற்கலாமா, வாடகைக்கு விடலாமா, சோழிங்கநல்லூரில் ஏமாறாமல் உனக்கு ஒரு வீடு பிடிப்பது எப்படி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும், அதனால் எழுதுகிறேன்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வீடு இப்போது யாருடையது? அப்பாவுக்குப் பிறகு அம்மாவுடையது என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். என் அண்ணன், அதாவது உன் அப்பா, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை அது, உயிலும் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உன் அம்மா, நீ, உன் தம்பி, பாட்டி நாலு பேருக்கும் சமபங்கு. மகன் சொத்தில் பெற்ற தாய்க்குப் பங்கு உண்டென்பது பல வீடுகளில் விலை பேசி முடித்த பிறகு, வாங்குபவரின் வக்கீல் சொல்லித்தான் தெரியவருகிறது. பாட்டி தன் பங்கை உங்களுக்கே விட்டுத்தர நினைத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. இதைத் தள்ளிப்போட்டால் பாட்டியின் காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கு எனக்கும் வந்து நிற்கும். எனக்கு அது வேண்டாம், பாப்பா. அண்ணன் வெயிலில் நின்று கட்டிய சுவரில் நான் பங்குக்காரியாக இருக்கக் கூடாது.

ஆகவே பூந்தமல்லி தாலுகா அலுவலகத்தில் வாரிசு சான்றிதழ் வாங்குவதுதான் முதல் வேலை. பிறகு பட்டா மாற்றம். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அண்ணன் வாங்கிய வீட்டுக்கடன் முடிந்த பின்னும் வங்கியின் பெயர் அதில் அப்படியே நின்றால், ரசீதுப் பத்திரம் பதிந்து நீக்க வேண்டும்.

விற்பதைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்கிறேன். இப்போது வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம், பக்கத்திலேயே வெளிவட்டச் சாலை. தரகர்கள் அம்மாவுக்கு மாறி மாறி போன் செய்வது இதனால்தான். துக்க வீட்டில் சீக்கிரம் கையெழுத்து விழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவசரத் தேவை எதுவும் இல்லாத நீங்கள் ஏன் அவர்கள் வேகத்துக்கு ஓட வேண்டும்? என்றாவது விற்பதானால் பாதி பணம் கையில், பாதி பத்திரத்தில் என்பதற்கு மட்டும் தலையாட்டாதே. முழு விலையும் பத்திரத்தில் ஏறட்டும், முழுப் பணமும் வங்கி வழியாக வரட்டும்.

வாடகைக்கு விடுங்கள். அம்மாவின் மாதச் செலவுக்கு அது கை கொடுக்கும். ஆனால் சட்டம் மாறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. முத்திரைத்தாளில் பதினோரு மாதம் என்று எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்ற பழக்கம் இனி உதவாது. பதினோரு மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். அம்மாவே கையெழுத்திடுவதானால் உங்கள் மூவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாடகை, எப்போது எவ்வளவு கூடும், மோட்டார் பழுதானால் யார் செலவு, செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய யார் பணம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சண்டை பெரும்பாலும் வாடகையில் வருவதில்லை, மோட்டாரில்தான் வருகிறது. மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமென்றால் குடிவருபவரிடம் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு பார்க்க வருபவரிடம் அம்மா 'நீங்க எந்த ஆளுங்க?' என்று கேட்பார்கள். கேட்க விடாதே. தனியாக இருக்கும் பெண் என்று உன்னை எத்தனை வீட்டில் திருப்பி அனுப்பினார்கள் என்று நீயே அழுதாய். அந்த வலி நம் வாசலிலிருந்து யாருக்கும் போகக் கூடாது. வேலை என்ன, எத்தனை பேர், முன்பிருந்த வீட்டை ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டால் போதும்.

இனி நீ தேடும் வீடு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உன் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். உன்னோடு தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரமில்லை. தனி மீட்டர் உள்ள வீடாகப் பார். இல்லையென்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் சொன்னதுதான் கணக்கு, அரசு தரும் இலவச யூனிட் உன் கைக்கு வராது.

லீசுக்குப் போகலாமா என்று கேட்டாயே, அதற்கு என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதுதான். சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கலாம் என்பது கேட்க இனிக்கும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து உரிமையாளர் தவணை கட்டாவிட்டால், வங்கி வந்து பூட்டும். உன் பணத்துக்கு நீ வருடக்கணக்கில் அலைய வேண்டும். நடுவில் ஒருவர் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, உரிமையாளருக்கே தெரியாமல் உன்னிடம் லீசுக்கு விட்டுவிட்டு மறைவதும் சென்னையில் நடக்கிறது. வாடகையே ஆனாலும் வில்லங்கம் பார், மின் இணைப்பு யார் பெயரில் என்று பார், உரிமையாளரின் கணக்குக்கே பணம் அனுப்பு.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வேலைநாள் சேர்த்து லீவு போடு. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மூலப்பத்திரம், நாலு பேரின் ஆதார் நகல் எடுத்து வை. பாட்டியிடம் பங்கு விஷயத்தை நான் சொல்வதைவிட நீ சொல்வதுதான் சரி. முதலில் அவர் விருப்பத்தைக் கேள். வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் அது அவர் உரிமை. அப்படியானால் ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுவோம்.

அன்புடன்,
அத்தை