நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யார் காவல்?

கேள்வி: மேயவிட்ட மட்டக்குதிரைகளைத் தொண்டர்கள் போய்ப் பார்த்துவரும் வழக்கம் வெளிநாட்டில் உண்டாமே! நெடுந்தீவில் எப்படி?

பதில்: உண்டு. இங்கிலாந்தின் விக்கன் ஃபென் சதுப்புநிலத்தில் கொனிக் இன மட்டக்குதிரைகள் மேய்கின்றன. புதர் மண்டாமல் நிலத்தைத் திறந்து வைப்பதே அவற்றின் வேலை. இத்தகைய மேய்ச்சல் நிலங்கள் பலவற்றில் தொண்டர்கள் முறைவைத்துப் போய்த் தலை எண்ணுகிறார்கள். ஏதாவது நொண்டுகிறதா, விலா எலும்பு தெரிகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுப்பாளரிடம் சொல்கிறார்கள்.

இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவின் கதை வேறு. போத்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை இவை. உரிமையாளர் இல்லை, லாயமும் இல்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பொறுப்பு வனசீவராசிகள் திணைக்களத்துடையது.

வறட்சிதான் பெரிய எதிரி.

முருகைக்கல் மண்டிய அந்தத் தீவில் ஆறு கிடையாது. மாரிமழையில் நிரம்பும் குளமும் கேணியும் கோடை நீண்டால் வற்றி, அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். அப்படியான ஆண்டுகளில் குதிரைகள் தாகத்தால் செத்திருக்கின்றன. திணைக்களத்தினரும் கடற்படையினரும் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றியதும் உண்டு.

குறிகாட்டுவானில் படகேறிப் பார்க்கப் போகிறவர்களும் ஒரு நாள் தொண்டராகலாம். படம் எடுப்பதற்காகத் துரத்தாதீர்கள், பாண் போடாதீர்கள். நொண்டும் குதிரையையோ வற்றிய தொட்டியையோ கண்டால், இடத்தைக் குறித்துத் திணைக்கள அலுவலரிடம் சொல்லுங்கள்.