கோபத்தால் விழுந்த விக்கெட் அல்ல

காரைக்குடி

அன்புள்ள மருமகன் சொக்கலிங்கத்துக்கு,

'800' படத்தை மறுபடியும் பார்த்ததாகவும், அதில் வரும் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுக்கு நடந்த அநியாயம்தான் உனக்கும் நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். மாவட்ட அணித் தேர்வில் பெயர் வராத வருத்தம் புரிகிறது. ஆனால் 2023இல் ஸ்ரீபதி எடுத்த அந்தப் படத்திலிருந்து நீ கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாய். முரளிதரனை உயர்த்தியது அதுவல்ல. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும் இடம்தான். முரளிதரனோ கையைப் பரிசோதனைக்கு நீட்டினார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அளந்தார்கள். முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது என்று தெரிந்தது. பிற்பாடு சந்தேகம் கிளம்பியபோதும் திரும்பப் போய் அளக்கக் கொடுத்தார். கணக்கில் ஐயம் என்றால் நம் செட்டியார்கள் சத்தம் போடாமல் ஐந்தொகையை எடுத்து வைப்பார்களே, அந்த வழி.

அவருக்காக விதியையே மாற்றினார்களே என்பாய். ஊரெல்லாம் சொல்வதுதான். 2005இல் 15 டிகிரி வரை கை நிமிரலாம் என்று ஐசிசி வகுத்தது ஒருவருக்காக அல்ல. நுண்ணிய கேமராவில் பார்த்தபோது, குறை சொல்லப்படாத பந்துவீச்சாளர்கள் பலரின் கையும் ஓரளவு நிமிர்ந்தது. அளவுகோல் வந்த பிறகு வாதம் பெரும்பாலும் ஓய்ந்தது. கோபத்தால் அது ஓய்ந்திருக்காது.

படம் மூட்டுகிற சூடு இல்லாவிட்டால் விடியற்காலையில் மைதானத்துக்கு யார் போவார்கள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் வாரத்துக்கு அந்தச் சூடு போதும். பிறகு? டெஸ்டில் அவர் வீசியது 44,039 பந்துகள், விக்கெட் 800. சராசரியாக 55 பந்துக்கு ஒன்று. மீதிப் பந்துகளை எந்த இயக்குநரும் காட்ட முடியாது, காட்டினால் தியேட்டரில் ஆள் இருக்காது. அது படத்தின் குற்றமில்லை. 2010 ஜூலையில் காலேயில், கடைசி டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் 44 ஓவருக்கு மேல் வீசி மூன்றே விக்கெட் எடுத்தார். அதில் மூன்றாவதுதான் 800ஆவது.

ஆகவே தேர்வாளர்களைத் திட்டிக் கடிதம் எழுதுவதை நிறுத்து. பயிற்சியாளரிடம் போய் உன் பந்துவீச்சைப் படமெடுக்கச் சொல். எங்கே குறை என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மான்