ஓரதர்: சொல்லும் கருவியும்

குழாயில் செல்லும் நீரையும் காற்றையும் நெறிப்படுத்தும் கருவியை வால்வு என்கிறோம். அதற்குத் தமிழில் தடுக்கிதழ், அடைப்பிதழ், ஓரதர் எனக் கலைச்சொற்கள் பல வழங்குகின்றன. இவற்றுள் ஓரதர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதர் என்பது வழியைக் குறிக்கும் பழஞ்சொல். ஒரு வழியே உடையது ஓரதர். திருகித் திறக்கும் கேட் வால்வு இரு திசைக்கும் வழிவிடுவதாகலின் அதற்கு இப்பெயர் பொருந்தாது. போன நீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்றுண்டு. குழாய்ப் பணியாளர் அதனை என்.ஆர்.வி. என்பர். சொல் அதற்கே முற்றும் பொருந்துகின்றது. ஆதலின் இக்கட்டுரையில் அதனை மட்டுமே ஓரதர் எனக் குறிக்கின்றேன்.

குளச்சலிலும் சுற்றூர்களிலும் கிணறும் மோட்டாரும் உள்ள வீட்டார்க்கு இக்கருவி புதியதன்று. உறிஞ்சு குழாயின் அடியில் நீரில் மூழ்கி நிற்கும் ஃபுட் வால்வு ஓர் ஓரதரே. மோட்டார் ஓடுகையில் கிணற்று நீர் அதன் மூடியைத் தள்ளித் திறந்து மேலேறுகின்றது. மோட்டார் நின்றதும் குழாயிலுள்ள நீரே தன் எடையால் அம்மூடியை அழுத்தி அடைத்துவிடுகின்றது. இடையில் ஒரு சருகு சிக்கினாலும் நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும்; மறுநாள் மோட்டார் வீணே சுழலும். குடத்தில் நீர் கொணர்ந்து குழாயில் ஊற்றியவர்கள் இதனை நன்கு அறிவர்.

திறக்கவும் அடைக்கவும் ஆள் வேண்டா. ஓட்டமே தன் கதவைத் திறந்து, திரும்ப முயலும்போது தானே அடைக்கின்றது. நம் இதயத்தின் நான்கு வால்வுகளும் இவ்வாறே இயங்குகின்றன. 1206இல் அல்-ஜஸரி தம் பொறியியல் நூலில் விளக்கிய இரட்டை உருளைப் பம்பும் இத்தகைய மூடிகளைக் கொண்டே நீரை ஏற்றிற்று.

ஆலைகளில் இதன் தேவை பெரிது. பம்புகள் பல ஒரே குழாய்க்கு நீர் தரும்போது ஒன்று நின்றுவிட்டால், மற்றவற்றின் நீர் அதன் வழியே பின்னோக்கிப் பாய்ந்து அதனைத் தலைகீழாகச் சுழற்றும். கொதிகலனுக்கு நீரூட்டும் பம்பு நின்றால் கொதிநீரே திரும்பி வரும். இவற்றைத் தடுப்பது ஓரதர். எனினும் கதவு மெதுவாக அடைந்தால், திரும்பும் நீர் விரைவு பெற்று அதனை அறைந்து சாத்தும். அவ்வதிர்ச்சி குழாயையே பிளக்கவல்லது. இதனைத் தவிர்க்க, ஓட்டம் தளரும்போதே கதவைச் சாத்தும் சுருள்வில் அமைத்த வகையைப் பயன்படுத்துவர்.

நமக்கு அண்மையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஓரதரின் பணி வியப்புக்குரியது. அங்கு ஒவ்வோர் உலைக்கும் போரிக் அமிலம் கலந்த நீர் நிறைந்த முதல்நிலைத் தொட்டிகள் நான்கு உள்ளன. உலையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 155 மடங்கு. தொட்டியின் அழுத்தமோ 60 மடங்கிற்குச் சற்றுக் குறைவு. எனவே உலையின் அழுத்தமே இடையிலுள்ள ஓரதர்களை அடைத்து வைத்திருக்கின்றது. குழாய் உடைந்து உலையழுத்தம் தொட்டியழுத்தத்திற்குக் கீழே வீழ்ந்தால், மின்சாரமோ மனிதக் கையோ இன்றி அவை திறந்து நீரைப் பாய்ச்சும். ஆண்டுக்கணக்கில் அடைந்திருக்கும் கதவு வேண்டிய நொடியில் திறந்தாக வேண்டும். 2013 ஏப்ரலில் முதல் அலகின் சோதனைகளில், இவ்வாறு தானே குளிர்விக்கும் அமைப்பின் நான்கு வால்வுகள் செவ்வனே இயங்கவில்லை என அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர் அறிவித்தார். குறை களைந்து மீண்டும் சோதித்த பின்னரே அவ்வாண்டு ஜூலை 13 அன்று உலை இயங்கத் தொடங்கிற்று. அத்தாமதத்தைக் குறை கூறியவர்கள் உண்டு. சோதனை தன் கடமையைச் செய்தது என்பதே என் கருத்து.

அடையாத ஓரதரால் விளைந்ததற்கு அமெரிக்காவின் மூன்று மைல் தீவு சான்று. 1979 மார்ச் 28 அதிகாலை, அங்குப் பணியாளர் ஒரு குழாயின் அடைப்பை நீக்க முயன்றபோது, திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஓர் ஓரதரைக் கடந்து சிறிதளவு நீர், கருவிகளை இயக்கும் காற்றுக் குழாயினுள் புகுந்திருந்தது. அதனால் நீரூட்டும் பம்புகள் நின்றன. தொடர்ந்து வேறொரு வால்வு திறந்தபடியே நின்றதும், பணியாளர் நிலைமையை உணராததும் சேர, உலைக்கருவின் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

ஆதலால் முதன்மையான இடங்களில் ஓரதர் இரண்டை அடுத்தடுத்து அமைப்பர். குறித்த காலங்களில் பின்புறமிருந்து அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பர். குழாயைப் பிரித்து வேலை செய்யும் நாளில், ஓரதர் இருந்தாலும் அதனை நம்பாது, கேட் வால்வையும் திருகி அடைத்து, இணைப்பில் இரும்புத் தகடு செருகிய பின்னரே ஆளை உள்ளே விடுவர்.