வளைகுடா வேலைக்கு விசா வந்துவிட்டதா? மீதிப் பணத்தைக் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

“விசா அடிச்சு வந்துடுச்சு, வெள்ளிக்கிழமை ஃப்ளைட், மீதிப் பணத்தை இன்னைக்கே கட்டணும்கிறார் ஏஜென்ட். கட்டலாமா அண்ணே?” இப்படி யாராவது போனில் கேட்டால் நான் முதலில் அனுப்பச் சொல்வது பாஸ்போர்ட் போட்டோவைத்தான். விசா அப்புறம். பணம் கடைசி.

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, அரியலூர் பக்கமெல்லாம் சவுதிக்கும் துபாய்க்கும் மலேசியாவுக்கும் போய்வருவது தலைமுறைப் பழக்கம். ஆனாலும் என்ன விசாவில் போகிறோம், யார் மூலமாகப் போகிறோம், அது எங்கே பதிவாகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்து போகிறவர்கள் குறைவு. அங்கே போய்ச் சம்பளம் நின்றாலும், கை கால் போனாலும், தூதரகத்தில் முதலில் தேடுவது இந்தப் பதிவைத்தான். அதனால் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பாருங்கள்

அதில் ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு’ என்று அச்சிட்டிருந்தால் அது இசிஆர் பாஸ்போர்ட். அப்படி எதுவும் இல்லையென்றால் இசிஎன்ஆர். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக முதல் வகை. பத்தாவது தேறியவர், வருமான வரி கட்டுகிறவர், ஐம்பது வயது தாண்டியவர், ஏற்கெனவே மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் ஆகியோர் இரண்டாவது வகைக்குத் தகுதி உள்ளவர்கள்.

பத்தாவது தேறியும் இசிஆர் பாஸ்போர்ட்டோடு திரிகிறவர்கள் நிறைய. விண்ணப்பித்த அன்று மார்க் ஷீட்டை வைக்காமல் விட்டிருப்பார்கள். மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்து, சான்றிதழைக் காட்டினால் மாற்றித் தருவார்கள். “நானே பத்தாவது சர்ட்டிபிகேட் ரெடி பண்ணித் தர்றேன்” என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். போலிச் சான்றிதழ் கொடுத்து பாஸ்போர்ட் வாங்குவது குற்றம், மாட்டுவது உங்கள் பெயர்.

இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கியாக வேண்டும். சவுதி, யுஏஇ, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் என்று வளைகுடாவின் ஆறு நாடுகளும் அதில் உண்டு. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான், லிபியா, சிரியா, ஏமன், சூடான், தெற்கு சூடான், ஆப்கானிஸ்தான் மீதிப் பன்னிரண்டு. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

பெண்களுக்கு விதி கூடுதல். இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது நிறைவதற்குள் இந்த நாடுகளுக்கு வீட்டுவேலை போன்ற வேலைகளுக்குக் கிளியரன்ஸ் வாங்க முடியாது. அதன் பிறகும் அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. “மஸ்கட்டில் வீட்டுவேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்” என்று இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் ஒருவர் சொன்னால், அந்த விதியைச் சுற்றிப் போகத்தான் சொல்கிறார்.

ஏஜென்ட்டின் எண்ணைக் கேளுங்கள்

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவருக்கு ‘பி’ என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும். போர்டிலும் விளம்பரத்திலும் அது இருக்க வேண்டும். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதிவு நடப்பில் உள்ளதா, காலாவதியானதா, ரத்தா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். பலர் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது செத்துப்போன லைசென்ஸ்.

விமான டிக்கெட் போடுகிற டிராவல்ஸுக்கு டிக்கெட் விற்கத்தான் அனுமதி. ஊரில் நமக்குத் தெரிந்த “மாமா”, “பாய்”, “சார்” எல்லாம் சப்-ஏஜென்ட்கள். சட்டத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. அவரிடம் கொடுத்த பணத்துக்கு ஏஜென்ட்டின் சென்னை அலுவலகம் பொறுப்பேற்காது, “எங்களுக்கு வரவே இல்லையே” என்று கைவிரிக்கும்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. இதைக் கேட்டதும் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஒன்றரை லட்சம் கொடுத்துப் போனவர்தான் பக்கத்து வீட்டில் இருப்பார். சரி, நடப்பு அப்படித்தான். ஆனால் கேட்கிற தொகைக்கெல்லாம் ரசீது கேளுங்கள், வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். வரம்புக்கு மேல் வாங்குகிறவர் ரசீது தரமாட்டார், ரொக்கம்தான் கேட்பார். வேறு வழியே இல்லாமல் ரொக்கம் கொடுப்பதானால், கொடுத்த கையோடு “இன்று இவ்வளவு கொடுத்தேன், கிடைத்ததா?” என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடமிருந்து பதில் வாங்கிவிடுங்கள். பின்னால் வழக்கு நிற்பதே அந்த ஒற்றை வரியில்தான்.

விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது?

அதிகம் பேர் விழும் குழி இது. ஏஜென்ட் சொன்னது சூப்பர் மார்க்கெட் வேலை. சவுதி விசாவில் தொழில் என்ற இடத்தில் அரபியில் ‘ஆமில் மன்ஸிலி’ என்றிருக்கும், அதாவது வீட்டு வேலையாள். ‘ஸாயிக் காஸ்’ என்றிருந்தால் வீட்டு டிரைவர். ஊரில் யாரும் அதைப் படிப்பதில்லை. இறங்கிய பிறகு வேலை மாறுவதோடு சட்டமும் மாறிவிடும். சவுதித் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலையாட்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்குத் தனி விதிகள். கடையில் வேலை பார்த்துவிட்டு, “நான் கடைத் தொழிலாளி, பாக்கிச் சம்பளம் வேண்டும்” என்று கேட்டால் உங்கள் இக்காமாவே, அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையே, எதிர்சாட்சி சொல்லும். அரபி படிக்கத் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார், அவரிடம் ஒரு நிமிடம் காட்டுங்கள்.

‘ஃப்ரீ விசா’ என்று விற்பதும் இதே ரகம். கஃபீல், அதாவது விசா தரும் ஸ்பான்சர் ஒருவர், வேலை வேறு எங்கோ, மாதாமாதம் கஃபீலுக்குக் கப்பம். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. செக்கிங்கில் பிடிபட்டால் கஃபீல் “இவன் ஓடிப்போனவன்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

அடுத்து ஒப்பந்தம். மொத்தச் சம்பளத்தைப் பார்த்துத் தலையாட்டாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். யுஏஇயில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்து நிற்கும்போது, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். 1,200 திர்ஹமும் அடிப்படையாக இருந்தால் வருடத்துக்கு 840 திர்ஹம். அதையே 600 அடிப்படை, 600 அலவன்ஸ் என்று பிரித்து எழுதினால் 420தான். கையெழுத்துப் போடுகிற அன்றே பாதி போயிற்று. சாப்பாடு, தங்குமிடம், ஓவர்டைம், இரண்டு வருட முடிவில் டிக்கெட் ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். யுஏஇயின் தொழிலாளர் அமைச்சகம் வேலை உறுதிக் கடிதத்தைத் தமிழிலும் தருகிறது. “இங்கிலீஷ்லதான் வரும், போட்டுக் கொடுங்க” என்று அவசரப்படுத்தினால் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

கிளியரன்ஸ் வாங்குவது

இசிஆர்காரர்களுக்கு இ-மைக்ரேட் வழியாக ஏஜென்ட்டோ, அங்குள்ள முதலாளியோ விண்ணப்பிப்பார்கள். ஒப்பந்தமும் விசாவும் சரியாக இருந்தால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலர் அனுமதி தருவார். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் 200 ரூபாய். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் வரும். வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. அங்கே முதலாளி மாறினாலும் காப்பீடு நிற்காது. பாலிசி எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். இறந்தவர் பெட்டியில் பாலிசி இருந்தது மனைவிக்குத் தெரியாமலே போன வீடுகள் உண்டு.

புறப்படும் முன் ஒரு நாள் இலவசப் பயிற்சியும் நடக்கிறது. போய்வாருங்கள், கேள்வி கேட்க ஆள் கிடைப்பார். இசிஎன்ஆர் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பொதுவாகக் கிளியரன்ஸ் தேவையில்லை, விரும்பினால் இ-மைக்ரேட்டில் தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளலாம்.

“இமிக்ரேஷன்ல டூரிஸ்ட்னு சொல்லு, கவுன்டர்ல நம்ம ஆள் இருக்கார்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். அந்தக் கவுன்டரைத் தாண்டிவிட்டால் நீங்கள் காகிதத்தில் சுற்றுலாப் பயணி. ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை. யுஏஇயில் தங்கும் காலம் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். மலேசியாவில் இன்னும் கடுமை. காலம் தாண்டித் தங்கியவருக்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதமோ, ஐந்து வருடம் வரை சிறையோ, இரண்டுமோ என்பது அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டூரிஸ்ட்டாக வந்தால் போதும் என்று அழைக்கப்பட்டு, மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு ஆன்லைன் மோசடி செய்ய அடைக்கப்பட்டவர்களில் நம் ஊர்ப் பட்டதாரிகளும் உண்டு. 2022இல் ஒரு குழு மீட்டு வரப்பட்டது.

போன இடத்தில்

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, ஏஜென்ட் ரசீது எல்லாவற்றின் படமும் வீட்டில் ஒருவர் போனில் இருக்கட்டும். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்தான், சட்டப்படி சரியல்ல. கத்தாரில் அதற்கு 25,000 ரியால் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

சம்பளம் வரவில்லை என்றால் கோபத்தில் வேலை இடத்தை விட்டு வெளியேறாதீர்கள். சவுதியில் முதலாளி ‘ஹுரூப்’ போட்டுவிட்டால், அதாவது ஆள் ஓடிவிட்டதாகப் பதிவு செய்துவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள். அங்கே இருந்துகொண்டே தொழிலாளர் துறையில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். அதே நேரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் ஊரிலிருந்து குடும்பத்தார் மனுப் போடலாம். 1800 11 3090 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். டிக்கெட்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு, தூதரகத்தின் இந்தியச் சமூக நலநிதியிலிருந்து உதவி உண்டு, கேட்டால்தான் தருவார்கள். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு போகட்டும்.

வேலை முடிந்து ஊர் திரும்ப ‘எக்ஸிட்’ அடிக்கும் நேரத்தில், எல்லாப் பணமும் வாங்கிவிட்டேன் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பணம் கைக்கு வராமல் அதில் கையெழுத்து வேண்டாம். சவுதியில் வேலை முடிந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும்.

இங்கேயே ஏமாந்திருந்தால்

காவல் நிலையத்தில், “இது எமிக்ரேஷன் மேட்டர், சென்னைக்குப் போ” என்பார்கள். போக வேண்டியதில்லை. பணம் வாங்கி ஏமாற்றியது பாரதிய நியாய சன்ஹிதா 318(4) பிரிவில் மோசடி, ஏழு வருடம் வரை சிறை. ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் புகாரை எந்தக் காவல் நிலையமும் பதிய வேண்டும். எஃப்ஐஆர் நகல் உங்களுக்கு இலவசம். பதியாவிட்டால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

குடிபெயர்வுச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுத்ததற்கு இரண்டு வருடம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1983இல் எழுதிய தொகை, ஏஜென்ட்கள் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த வழக்குகளுக்கு மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்பது பொது விதி. பாதிக்கப்பட்டவரே புகார் தந்தாலோ, அவர் சார்பில் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் தந்தாலோ அந்த அனுமதி தேவையில்லை. பல வழக்கறிஞர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை, மனுவில் அந்தப் பிரிவை எழுதச் சொல்லுங்கள்.

புகாரோடு வங்கிக் கணக்கு விவரம், ரசீது, ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டு, காட்டிய விசாவின் படம், வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட் ஆகியவற்றை வையுங்கள். அந்த உரையாடல் இருக்கும் போனை வழக்கு முடியும்வரை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ வேண்டாம், நீதிமன்றம் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.