எஞ்சிலாடாவில் இரண்டு காரங்கள்

மாணவர்களே, நாசி லெமாக்கிற்குச் சம்பால் தாளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் மெக்சிகோ நாட்டின் எஞ்சிலாடாவில் பாதியை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். மக்காச்சோள ரொட்டியைச் சிவப்பு மிளகாய்க் குழம்பில் தோய்த்து, உள்ளே கோழி இறைச்சியோ உருளைக்கிழங்கோ வைத்துச் சுருட்டினால் அதுதான் எஞ்சிலாடா. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு ‘மிளகாய் சேர்க்கப்பட்டது’ என்று பொருள். அந்த ரொட்டியின் பெயர் தோர்த்தியா.

தமிழில் ‘காரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாக்கில் உறைக்கும் மிளகாய்க் காரம். மற்றொன்று சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் வேதியியல் காரம். எஞ்சிலாடாவில் இரண்டும் இருக்கின்றன. குழம்பில் முதலாவது, ரொட்டியில் இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் காரம்: மிளகாய்

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மிளகாய் இனம் மெக்சிகோவில்தான் முதலில் பயிரிடப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாக அது ஆசியாவுக்கு வந்தது. 1511இல் அவர்கள் மலாக்காவைக் கைப்பற்றியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு’ என்ற சொல்லோடு ‘காய்’ சேர்த்து ‘மிளகாய்’ என்று பெயரிட்டனர்.

மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசின் என்ற சேர்மம். அது விதையில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது உருவாகிறது. அங்கேதான் மிகுதியாகவும் இருக்கிறது. அதனுடன் உரசுவதால் விதையும் உறைக்கிறது.

உறைப்பு ஒரு சுவை அன்று. நம் நரம்பு முனைகளில் ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் ஏற்பி ஒன்று உள்ளது. கேப்சைசின் அதே ஏற்பியைத் திறந்துவிடுகிறது. ‘வாய் சுடுகிறது’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது; வாயின் வெப்பநிலையோ உயர்வதில்லை. வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதற்கான துலங்கல்கள். இந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் படபூட்டியனுடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உறைப்பை அளக்கும் முறையை 1912இல் வில்பர் ஸ்கோவில் உருவாக்கினார். எஞ்சிலாடாவுக்கு மெக்சிகோவில் பயன்படுத்தும் குவாஹியோ மிளகாய் ஏறத்தாழ 2,500 முதல் 5,000 ஸ்கோவில் அலகு வரை இருக்கும். நம் சிலி பாடி 50,000 அலகுக்கும் மேல் போகும். ஆகவே எஞ்சிலாடாவுக்குச் சிலி பாடி ஏற்றதன்று. நிறம் மிகுந்தும் உறைப்பு குறைந்தும் உள்ள காஷ்மீர் காய்ந்த மிளகாயே நல்ல மாற்று. கம்போங் மேடான், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பகுதி இந்திய மளிகைக் கடைகளில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் காரம்: சுண்ணாம்பு

மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவுபோல் சேராது. கோதுமையில் உள்ள குளூட்டன் அதில் இல்லை. மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளின் பழங்குடி மக்கள் 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே இதற்கு வழி கண்டனர். சோள மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி அரைத்தனர். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். வேதியியல் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. இந்தக் காரம் சோளத்தின் கடினத் தோலைக் கரைக்கிறது. மாவு ஒட்டும் தன்மை பெறுகிறது. கால்சியமும் கூடுகிறது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் பி3, பிற பொருள்களோடு பிணைந்திருப்பதால் நம் உடல் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. காரம் அந்தப் பிணைப்பை உடைத்து நியாசினை விடுவிக்கிறது.

இந்தப் படியை விட்டால் என்ன ஆகும்? வரலாறு கடுமையான விடை தந்தது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றனர்; சுண்ணாம்பை விட்டுவிட்டனர். சோளத்தை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளிடையே தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், இறுதியில் மரணம் என ஒரு நோய் பரவியது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார். பின்னர் அது பெல்லாக்ரா எனப் பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றது.

அது தொற்றுநோய் என்றே பலர் நம்பினர். 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் நடத்திய ஆய்வுகள், காரணம் கிருமி அன்று, உணவுக் குறைபாடே என்று காட்டின. 1937இல் கான்ராட் எல்வெஜெம் அந்தக் குறைபாடு நியாசின் என்று கண்டறிந்தார். இந்தியாவில், தக்காணத்து வெள்ளைச் சோளத்தை உண்டவர்களிடையே காணப்பட்ட பெல்லாக்ராவை ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன்.

மெக்சிகோவின் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் கைவிடாத ஒரு படி அவர்கள் குடும்பங்களைக் காத்தது.

செய்முறை (4 பேருக்கு)

ரொட்டிக்கு: சுண்ணாம்பில் பதப்படுத்திய சோள மாவு 2 கோப்பை, வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 1½ கோப்பை, உப்பு.
குழம்புக்கு: காஷ்மீர் காய்ந்த மிளகாய் 10, தக்காளி 2, வெங்காயம் பாதி, பூண்டு 3 பல், சீரகம் ½ தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு.
உள்ளே வைக்க: வேகவைத்து உதிர்த்த கோழி இறைச்சி அல்லது உருளைக்கிழங்கு, துருவிய சீஸ், நறுக்கிய வெங்காயம்.

மாவு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் ‘தெப்போங் ஜாகுங்’ என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் மாச்சத்து. அதில் ரொட்டி வராது. ‘மாசா ஹரினா’ என்று எழுதியிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சப்பாத்தியில் செய்யலாம். ஆனால் அது விரைவில் ஊறிக் குழைந்துவிடும்.

1. மிளகாயின் காம்பு, விதை, வெள்ளைச் சதை ஆகியவற்றை நீக்குங்கள். கையுறை அணியுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். பூஞ்சை பிடித்த மிளகாயை எறிந்துவிடுங்கள். அதில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். சமைத்தாலும் அது முழுமையாக அழியாது.

2. வெறும் தோசைக்கல்லில் மிளகாயைப் பக்கத்துக்கு 10 வினாடி வாட்டுங்கள். மணம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகினால் கசக்கும், புகை இருமலை வரவழைக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

3. சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மற்றப் பொருள்களோடு மைய அரையுங்கள்.

4. எண்ணெயில் அரைத்த விழுதை ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கிளறுங்கள். பிறகு 2 கோப்பை நீர் ஊற்றி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். குழம்பு கரண்டியில் படிய வேண்டும்.

5. மாவைப் பிசைந்து மூடி 20 நிமிடம் வையுங்கள். சிறு உருண்டைகளாக்கி, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தித் தட்டையாக்கி, தோசைக்கல்லில் இருபுறமும் சுடுங்கள்.

6. ஒவ்வொரு ரொட்டியையும் சூடான எண்ணெயில் சில வினாடி போட்டு எடுத்து, குழம்பில் தோய்த்து, உள்ளீடு வைத்துச் சுருட்டுங்கள். மேலே மீதிக் குழம்பும் சீஸும் வெங்காயமும் தூவுங்கள். சூடான எண்ணெய் வேலையைப் பெரியவர் துணையோடு மட்டுமே செய்யுங்கள்.

ஏன் எண்ணெய் பிரிய வேண்டும்?

சம்பால் தாளிக்கும்போது ‘பெச்சா மிஞ்ஞாக்’ ஆகும் வரை பொறுத்திரு என்பார்கள். 4ஆம் படியும் அதுவே. விழுதில் நீர் மிகுதியாக இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். நீர் ஆவியானதும் எண்ணெய் தனியே பிரிகிறது, வெப்பநிலை உயர்கிறது, பச்சை வாடை போய்ப் புதிய மணங்கள் பிறக்கின்றன. கேப்சைசினும், மிளகாய்க்குச் சிவப்பு தரும் கேப்சாந்தினும் நீரைவிட எண்ணெயில் நன்கு கரைபவை. அதனால்தான் பிரிந்த எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கிறது.

உறைப்பு தாங்காமல் தண்ணீர் குடித்தால் ஏன் பயனில்லை என்பதும் இப்போது புரியும். பாலில் உள்ள கொழுப்பும் கேசின் என்ற புரதமும் கேப்சைசினைப் பற்றி அகற்றுகின்றன. பால் அல்லது தயிரே சிறந்த மருந்து.

6ஆம் படியில் எண்ணெய் ரொட்டியின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகிறது. குழம்பு உள்ளே புகும் வேகம் குறைகிறது. ரொட்டி சுருட்டும்போது உடையாது.

செய்து பார்

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் 50 மில்லிலிட்டர் நீர், மற்றதில் அதே அளவு சமையல் எண்ணெய் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள் இட்டுக் கலக்கி, 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த திரவத்தின் நிறத்தை ஒப்பிட்டு அட்டவணையில் பதிவு செய்யுங்கள்.

சிந்தித்து எழுது

1. இப்பரிசோதனையின் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் யாவை?
2. தக்காளி சேர்த்த மிளகாய்க் குழம்பில் நீல லிட்மஸ் தாளை நனைத்தால் என்ன நேரும்? ‘காரமான’ குழம்பு ஏன் காரம் அன்று?
3. பெல்லாக்ரா தொற்றுநோய் அன்று என்று காட்ட நீங்கள் எத்தகைய ஆய்வைத் திட்டமிடுவீர்கள்?
4. உங்கள் வீட்டுச் சமையலில் ‘இதை விட்டுவிடக் கூடாது’ என்று பெரியவர்கள் வற்புறுத்தும் ஒரு படியைக் கேட்டறியுங்கள். அதன் அறிவியல் காரணம் என்னவாக இருக்கும்?