மதுரைத் தமுக்கம்

ஊரார் ஒருங்கு கூடும் இடத்தைப் பண்டைத் தமிழர் மன்றம் என்றும் பொதியில் என்றும் வழங்கினர். கீழ்வேளூர் போன்ற காவிரிநாட்டு ஊர்களில் கோயில் மண்டபமும் மரத்து நிழலும் மக்கள் கூடும் இடங்களாயின. மக்கள் மிக்க நகரங்கட்கோ இவை போதா. பரந்ததொரு பொதுவிடம் வேண்டும். அத்தகைய இடங்களுள் ஒன்று மதுரைத் தமுக்கம்.

தமுக்கம் வையையாற்றின் வடபால், தல்லாகுளத்தை அடுத்து அமைந்தது. ஆங்குள்ள மாளிகை இராணி மங்கம்மாளின் கோடை மாளிகை எனப்படும். தம் பெயரன் சிறுவனாய் இருந்தமையால் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர் அவ்வரசியார். மாளிகையை அடுத்த வெளியில் யானைப்போர் முதலியன நிகழ்ந்தன என்பர். அக்காலத்தில் அவ்வெளி அரசர்க்கு உரியது. குடிமக்கள் அதன்கண் காண்போர் மட்டுமே.

நாயக்கர் ஆட்சி மறைந்தபின் மாளிகை பிறர் கைப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் மாவட்டக் கலெக்டர்க்கு உறைவிடமாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1959இல், காந்தி நினைவு அருங்காட்சியகமாக மலர்ந்தது. அதனைத் திறந்து வைத்தவர் பண்டித நேரு. 1921இல் இதே மதுரையில் அரையாடை பூண்ட அண்ணலின் நினைவு, ஆள்வோர் வாழ்ந்த மாளிகையில் குடிகொண்டது!

தமுக்க வெளியும் மக்களுடையதாயிற்று. சித்திரைத் திருவிழாவை ஒட்டி ஆங்கே பொருட்காட்சி நடைபெற்றது. உழவரும் நெசவாளரும் மனைவி மக்களோடு வந்து கண்டு மகிழ்ந்தனர். அரசியற் கூட்டங்களும் புத்தகக் காட்சிகளும் நிகழ்ந்தன. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற ஆண்டு 1981. அம்மாநாட்டை ஒட்டி நிறுவிய தமிழன்னை சிலை தமுக்கத்தின் முகப்பில் பொலிகின்றது.

2022இல் அவ்வெளியில் பல்நோக்கு மாநாட்டு மண்டபம் ஒன்று எழுந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது விழா நடத்த வழி பிறந்தது. இது நன்மையே. எனினும் ஈண்டு நினைத்தற்குரியது ஒன்று உண்டு. திறந்த வெளியில் எவரும் புகலாம்; மண்டபத்திற்கோ கதவும் உண்டு, வாடகையும் உண்டு. செல்வர் விழாவிற்கே அக்கதவு திறக்குமாயின், அரசர் காலத்திற் போன்று எளியோர் மீண்டும் புறத்தே நிற்க நேரும். தறிநெய்வோன் தன் துணியைக் காட்டவும், கூத்தர் தம் கலையை அரங்கேற்றவும், மாணவர் தம் அறிவுப் பொருளைப் பரப்பி வைக்கவும் இடந்தருதல் வேண்டும். அங்ஙனம் தரின் அன்றோ, அது மன்றம் என்னும் பழம்பெயர்க்கு உரியதாகும்?

கட்டடத்தை எழுப்புதல் அரசின் கடன். அதனைத் தூய்மையாகப் பேணுதலும், யாவர்க்கும் உரியதாகக் காத்தலும் குடிமக்கள் கடன் ஆகும்.